மேல் அடுப்பும் கீழ் அடுப்பும்

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி ஆனால் எனக்கு இன்னும் இருப்புக் கொள்ளாது. சாப்பிட்ட பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அறைக் கதவைச் சாத்தி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன். “அத்தை ஆபீசுக்குப் போயிட்டாங்க,” என்று அண்ணி தன் பிள்ளைகளிடம் சொல்வது கதவைத் தாண்டிக் கேட்கும். கிண்டல்தான். முப்பத்தெட்டு வயதில் கம்ப்யூட்டரில் காய்கறி பயிரிடுகிற நாத்தனாரை வேறு எப்படிச் சொல்வது? லாகின் செய்ததும் என் பெயருக்குக் கீழே பச்சைப் புள்ளி இரண்டு தெரிகிறதா என்று பார்ப்பேன். ஒன்றுதான் தெரியும். அது பள்ளிவாசல் அண்ணன்; பள்ளிவாசல் அவர் ஊர்ப் பெயர். சக்குபள்ளத்துக்காரியின் புள்ளி சாம்பல் நிறத்தில் கிடக்கும். அவள் மறுபடி வருவாளா என்று பார்க்கத்தான் நான் உட்கார்கிறேன் என்று அண்ணனுக்குத் தெரியும். அவர் அதைப் பற்றிக் கேட்க மாட்டார்.

கேமைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு தீவு. அதில் மூன்று வீடு, ஆளுக்கொரு சமையல்கட்டு, பின்னால் கொஞ்சம் தோட்டம். யாரையும் சுட வேண்டாம், வெட்ட வேண்டாம். விதைத்து, பறித்து, சமைத்து, கப்பலில் வருகிறவர்களுக்குச் சாப்பாடு போட வேண்டும், அவ்வளவுதான். அதையே நான் எங்கள் வீட்டில் தினமும் செய்கிறேன், ஒருத்தரும் பாயிண்ட் கொடுப்பதில்லை.

தமிழில் பேசிக்கொண்டு ஆடுகிறவர்களின் குழு ஒன்றில்தான் நாங்கள் மூவரும் சேர்ந்தோம். “இந்தத் தீவுல ஏலக்காய் எங்கிட்டுக் கெடைக்கும்?” என்று அவள் கேட்டாள். ஏலக்காய் அந்த கேமிலேயே கிடையாது. எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. தெரியாமல் கேட்டதற்கு இத்தனை சிரிப்பா என்று நாலு வார்த்தை நன்றாகக் கேட்டுவிட்டேன். அதில் பயப்படாமல் நின்றவர் பள்ளிவாசல் அண்ணன் ஒருத்தர்தான். தேயிலை பாக்டரியில் எலக்ட்ரீசியன், நாற்பத்தைந்து வயது, எதற்கும் அலட்டிக்கொள்ளாத மனுஷர். சக்குபள்ளத்துக்காரி குமுளிப் பக்கத்து மலையில் ஏலக்காய் ஸ்டோரில் காய் தரம் பிரிக்கிறவள். என்னைவிட எட்டு வயது சின்னவள். நாள் முழுக்க ஏலக்காயைப் பார்த்துவிட்டு கேமிலும் அதைத் தேடியிருக்கிறாளே என்று பிறகு அவளைக் கேட்டேன். “பழக்கம்க்கா,” என்றாள்.

எனக்குப் பாலக்காட்டுக் கொல்லங்கோட்டில் ஒரு அச்சகத்தில் டிடிபி வேலை. கல்யாணப் பத்திரிகையும் கோயில் நோட்டீசும் மலையாளத்திலும் தமிழிலும் போட்டுப் போட்டு அலுத்துப்போன கை. அதனால்தான் கேமுக்கு ஒரு ரசிகர் மடல் கொண்டுவரலாம் என்று எனக்குத் தோன்றியது. மாதம் ஒன்று, எட்டுப் பக்கம், மெயிலில் அனுப்புகிற பிடிஎஃப். எந்த மாதம் எதை விதைக்கலாம், எந்தக் கப்பலுக்கு எது பிடிக்கும் என்றெல்லாம் எழுதினோம். ஆனால் வாசகர்கள் திறந்ததும் போகிற இடம் கடைசிப் பக்கம். கேமில் வருகிற பதார்த்தத்தை நிஜ அடுப்பில் சமைத்துப் பார்த்து எழுதுகிற பக்கம் அது. கேமில் இருக்கிற சாமான் நம் ஊரில் இருக்காது, அதற்குப் பதில் எதைப் போடலாம் என்பதுதான் அதில் வழக்கு.

அந்தப் பக்கத்துக்கு ஒரு சட்டம் வைத்திருந்தோம். ஒரு அடுப்பில் சமைத்தது செல்லாது. கீழே கொல்லங்கோட்டில் நானும், மேலே மலையில் அவளும், ஒரே நேரத்தில் அடுப்பு மூட்டிச் சமைத்து, இருவரும் சரி என்ற பிறகுதான் அச்சேறும். இதழில் இரண்டு கட்டம் போட்டு, கீழ் அடுப்பு, மேல் அடுப்பு என்று தலைப்புக் கொடுத்து, யாருக்கு என்ன வந்தது என்று எழுதுவோம். அண்ணன் சமைக்க மாட்டார். அவர் நீதிபதி.

இன்னொரு சட்டம் நான் போட்டது. யாரும் யாருக்கும் போன் நம்பர் கொடுக்கக் கூடாது. நம்பர் கொடுத்தால் காலையில் ரோஜாப்பூப் படம் வரும், பிறகு பண்டிகை வாழ்த்து வரும், கடைசியில் ஞாயிற்றுக்கிழமைக்கு என்று பேச்சு ஒன்றும் மிச்சமிருக்காது. நான் சொன்னதை இருவரும் ஒத்துக்கொண்டார்கள். என் வாயில் சனி இருந்திருக்க வேண்டும்.

மழைநாள் கூட்டு என்று கேமில் ஒரு பதார்த்தம் உண்டு. பரங்கிக்காய் இரண்டு, புளிப்புப் பழம் ஒன்று, கொட்டை ஒரு பிடி, பச்சிலை ஏதாவது. புளிப்பு என்றால் கேமுக்கு எல்லாம் ஒன்றுதான். எலுமிச்சை போட்டாலும் சரி என்று மணி அடிக்கும், நெல்லி போட்டாலும் மணி அடிக்கும். அந்தப் பரங்கிக்காய்க்கே எங்களிடம் மூன்று பெயர். எனக்கு அரசாணி, அவளுக்கு மத்தன், இதழில் மட்டும் பரங்கி. அதற்குள் எந்தப் புளிப்பைப் போடுவது என்று ஒரு ஞாயிறு முழுக்க மல்லுக்கு நின்றோம்.

“எலுமிச்சங்காயளவு புளிய ஊற வெச்சு ஊத்துனாப் போதும் கண்ணு,” என்றேன் நான்.

“குடம்புளி போடுங்கக்கா. மத்தனுக்கு அதான் சேரும். சாதாப் புளி போட்டா ரசம் மாதிரி ஆயிரும்.”

“குடம்புளியெல்லாம் எங்கூட்டுல ஏறாது. மீன் வாசம் வருதும்பாங்க.”

“பாலக்காடும் கேரளாலதானக்கா இருக்கு? இல்ல நீங்க மட்டும் தனியாப் பிரிஞ்சு போயிட்டீகளா?”

பள்ளிவாசல் அண்ணன் குறுக்கே வந்தார். “ரெண்டு பேரும் தக்காளியப் போட்டுட்டு அடுத்த சோலியப் பாருங்கம்மா.”

தக்காளி என்றதும் நாங்கள் இருவரும் ஒரே கட்சியாகி அவரைப் பிடித்துக்கொண்டோம். பாவம், அவர் மைக்கை அணைத்துவிட்டு ஓடிப்போய் மீன் பிடித்தார். கேமில்தான். அடுத்த வழக்கு, கொட்டை என்றால் எது என்று. நான் நிலக்கடலை என்றேன். அவள் பலாக்கொட்டை என்றாள். “அதுவும் கொட்டைதானக்கா, கேமு என்ன பேரா சொல்லிருக்கு?” அந்த வழக்கில் தோற்றேன்.

சமைக்கிற நாளில் காதில் ஹெட்போனோடு அடுப்படியில் நிற்பேன். “போட்டாச்சு கண்ணு.” “போட்டாச்சுக்கா.” என் காய் பத்து நிமிடத்தில் குழைந்துவிடும். அவளுடையது வேகாது. “மலையில்லா, இங்கிட்டுத் தண்ணி கொதிச்சாலும் காய் மெதுவாத்தான் வேகும்,” என்பாள். நான் அடுப்பை அணைத்துவிட்டு, ருசி பார்க்காமல், அவளுடையது வேகும்வரை நிற்பேன். உள்ளதைச் சொல்கிறேன், அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் நான் அந்த இதழையே நடத்தினேன். அவள் வீட்டுத் தகரத்தில் மழை விழும். உள்ளே யாரோ இருமுவார்கள். யாரது என்று ஒரு தடவை கேட்டேன். “அம்மாக்கா. சளி,” என்றாள். பிறகு, “இன்னைக்கு என்னக்கா சாப்பிட்டீங்க?” என்று கேட்பாள். நான் சொல்கிற பதிலைக் கேட்டுவிட்டு அதிலிருந்து இன்னொரு கேள்வி கேட்பாள். எங்கள் வீட்டில் என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்கிறவர்கள் உண்டு. என்ன சாப்பிட்டாய் என்று கேட்டவர்கள் கிடையாது. வாரம் முழுக்க அந்தக் கேள்விக்குப் பதில் சேர்த்துவைத்துக்கொண்டிருந்தேன்.

வினை எங்கே ஆரம்பித்தது என்றால், அந்த மழைநாள் கூட்டில்தான். மேல் அடுப்புக் கட்டத்துக்கு அவள் குடம்புளியைப் பற்றி ஒரு பத்தி எழுதிக் கொடுத்தாள். எப்படி ஊற வைப்பது, எப்போது எடுத்துவிடுவது என்று அழகாக எழுதியிருந்தாள். பக்கத்தில் இடம் போதவில்லை என்று சொல்லி நான் அதை ஒரு வரியாக வெட்டினேன். இடம் இருந்தது. தோற்க எனக்கு மனசில்லை, அதுதான் காரணம். இதழ் போன மறுநாள் ஞாயிறு. “சாரமில்லக்கா,” என்றாள். பரவாயில்லை என்பதற்கு அவர்கள் மலையில் அப்படித்தான் சொல்வார்கள். சீக்கிரம் போய்விட்டாள். அடுத்த ஞாயிறு வரவில்லை.

கோபித்துக்கொண்டாள் என்று நினைத்தேன். ஒரு வரிக்கா இத்தனை வீம்பு என்று எனக்கும் ஏறியது. இரண்டாவது ஞாயிறும் வரவில்லை, மூன்றாவதும் வரவில்லை. இதழுக்கு என்று ஒரு மெயில் முகவரி உண்டு, ஒவ்வொரு இதழின் அடியிலும் அச்சாகும். அதில் வாசகர்கள் புளியா குடம்புளியா என்று அடித்துக்கொண்டிருந்தார்கள். ‘பரங்கி பற்றி’, ‘பரங்கிக்கு மறுப்பு’, ‘மீண்டும் பரங்கி’. பார்க்கப் பார்க்க எரிச்சலாக வந்தது. எல்லாம் அவளால் வந்தது என்று தோன்றியது. அந்தப் பெட்டியைத் திறப்பதையே விட்டுவிட்டேன்.

நான்கு ஞாயிறு ஆயிற்று. கேமில் அறுவடைத் திருவிழா வந்தது. மூன்று வீட்டிலும் விளக்கு எரிந்தால்தான் அந்தத் தீவுக்குத் திருவிழா உண்டு. நான்கு வாரம் திறக்காத வீட்டைத் தீவுக்காரர் வேறொருவருக்கு மாற்றிக் கொடுக்கலாம். தீவு என் பெயரில் இருந்தது. எங்கள் வாசகர் ஒருவர், பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் தோப்பு வைத்திருக்கிறவர், தன்னைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“கொஞ்சம் பொறும்மா,” என்றார் பள்ளிவாசல் அண்ணன். “திருவிழா அடுத்த வருசமும் வரும். அந்தப் புள்ளைக்கு என்ன சங்கடமோ.”

“ஏனுங்ணா, ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போறதுக்கு என்னங்ணா கேடு? போனவ போகட்டும்.”

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரக்காரிக்கு மட்டும் என்ன, நிறைய இருக்குமா? வீட்டை மாற்றினால் உள்ளே இருப்பதெல்லாம் புதியவருக்குச் சேரும், சம்மதமா என்று கேம் கேட்டது. சம்மதம் என்று அழுத்தினேன். அழுத்தும்போது மனசுக்கு இதமாகக்கூட இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

சித்தூர்க்காரர் நல்ல மனுஷர். வந்த அன்றே தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “இதென்னுங்க, பூராவும் பூவா வெச்சிருக்குது. பூவுல ஒண்ணும் தேறாதுங்க. புடுங்கிப்போட்டுத் தக்காளி போட்டுறட்டுங்களா?” என்று கேட்டார்.

“உங்க ஊடு, உங்க இஷ்டமுங்க,” என்றேன்.

கடைசிப் பக்கம் அந்த மாதம் கிழங்குப் பாயசம். கீழ் அடுப்பு நான். இரண்டாவது அடுப்புக்கு ஆள் வேண்டுமே. சித்தூர்க்காரர் வீட்டில் சமைத்து, கேம் சாட்டிலேயே குறிப்பு அனுப்பினார். சித்தூர் எங்களைப் போலத் தட்டைத் தரை. வயலும் தோப்பும் தவிர ஒரு மேடு கிடையாது. ஆனால் கட்டத்தின் தலைப்பு ஏற்கெனவே போட்டு வைத்திருந்தது. மேல் அடுப்பு என்ற தலைப்புக்குக் கீழே அவர் குறிப்பை ஒட்டினேன். முதல் பக்கத்தில் எங்கள் மூவரின் பெயர் வரிசையில் அவள் இருந்த இடத்தில் அவரைப் போட்டேன். அனுப்பிவிட்டேன்.

பாராட்டு வந்திருக்கிறதா என்று பார்க்க இரண்டு நாள் கழித்துப் பெட்டியைத் திறந்தேன். மேலாக இருந்தது அவள் மெயில். மூன்று வரி.

‘அக்கா, அம்மா போன புதன்கிழமை இறந்துட்டாங்க. அடக்கம் முடிந்தது. இதழ் பார்த்தேன், சித்தூருக்கு எப்போ மலை வந்துச்சு?’

பெட்டியைக் கீழே தள்ளிக்கொண்டே போனேன். பரங்கிச் சண்டைகளுக்கு நடுவில், ஐந்து வாரத்துக்கு முந்தைய தேதியில், அவள் இன்னொரு மெயில் திறக்காமல் கிடந்தது. தலைப்பு, ‘மத்தன் விஷயம்’.

அதில் இப்படி எழுதியிருந்தாள். ‘அக்கா, அம்மாவைக் கீழே தேனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருக்கோம். சளி இல்லை, நெஞ்சுல வேற என்னமோ. லேப்டாப் வீட்டுல கிடக்கு, என் போன்ல கேம் வராது. உங்க நம்பர் என்கிட்ட இல்லை, நம்ம இதழ் முகவரி மட்டும் மனப்பாடம். தலைப்புல மத்தன்னு போட்டா சண்டைக்காகவாவது உடனே திறப்பீங்கன்னு போட்டேன். என் வீட்டை மட்டும் பார்த்துக்கோங்க. தோட்டம் அம்மா வச்சது. நான் ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போற நேரம் அம்மாவுக்குப் படுக்கையிலேயே லேப்டாப்பை வச்சுட்டுப் போவேன். ஒரே கணக்குல ரெண்டு பேர் ஆடுறது தப்பு, தெரிஞ்சா தீவை விட்டு அனுப்பிருவாங்கன்னு அம்மாவுக்குப் பயம். அதான் உங்ககிட்ட சொல்லலை. ஆஸ்பத்திரிலயும் பூவுக்குத் தண்ணி ஊத்தியாச்சான்னுதான் கேட்டுக்கிட்டு இருக்காங்க. யாராவது ஊத்துனா நல்லாருக்கும்.’

நான் அன்று அச்சகத்தில் யாரோ ஒருவருடைய கல்யாணப் பத்திரிகையைப் பாதியில் விட்டுவிட்டு வெளியே வந்து நின்றேன். அழுதேன். போகிற வருகிறவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

சித்தூர்க்காரரிடம் சொன்னதும் அவர் அன்றே வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். “எனக்குத் தெரியாதுங்க, தெரிஞ்சிருந்தா ஒரு செடியைத் தொட்டிருக்க மாட்டனுங்க,” என்று எத்தனையோ தடவை சொன்னார். அவர்மேல் என்ன தப்பு? நான் அவளுக்கு எழுதினேன். நடந்ததை ஒன்று விடாமல் எழுதினேன், பெட்டியைத் திறக்காதது, வீட்டைக் கொடுத்தது, பூவைப் பிடுங்கச் சம்மதித்தது, குடம்புளிக்கு இடம் இருந்தது உட்பட. பொள்ளாச்சி, பழனி, தேனி, குமுளி என்று பஸ் மாறி மாறி வந்துவிடுகிறேன், வீடு எங்கே என்று சொல் என்றும் எழுதினேன். ‘வரவேண்டாம்க்கா. முப்பதாம் நாள் பூசை முடியட்டும். நானே தீவுக்கு வாரேன்,’ என்று பதில் வந்தது.

எனக்கு மூன்று வாரம் இருந்தது. அதற்குள் வீட்டைப் பழையபடி ஆக்கிவிட வேண்டும் என்று வெறி பிடித்தவள்போல உட்கார்ந்தேன். சமையல்கட்டுக்குக் கவலையில்லை. பழைய இதழ் ஒன்றில் அதன் படத்தைப் போட்டிருந்தேன். அடுக்கு, பானை, சுவரில் மாட்டிய சிலுவை என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து வைத்தேன். தோட்டத்துக்குப் படம் இல்லை. பின்பக்கம்தானே என்று யாரும் எடுத்ததில்லை. என்னென்ன பூ இருந்தது என்று சித்தூர்க்காரரும் அண்ணனும் நானுமாக யோசித்து யோசித்து ஒரு பட்டியல் போட்டோம். செண்டுமல்லி, ஒரு நீலப்பூ, சூரியகாந்தி. அண்ணன் பாக்டரியில் சாப்பாட்டு இடைவேளையில்கூடப் போனில் நுழைந்து விதை சேர்த்தார். நான் கயிறு பிடித்ததுபோல வரிசை வரிசையாக நட்டேன். தினம் தண்ணீர் ஊற்றினேன். அவள் வருகிற ஞாயிறுக்குள் எல்லாம் பூத்துவிட்டது.

மூன்று மணிக்கு அவள் பச்சைப் புள்ளி எரிந்தது. பள்ளிவாசல் அண்ணன், “வாம்மா,” என்று மட்டும் சொல்லிவிட்டு மைக்கை அணைத்துக்கொண்டார். அவள் பின்னால் மழை இல்லை, இருமல் இல்லை. திரையில் அவளுடைய பொம்மை மெதுவாகப் படியேறி உள்ளே போயிற்று. சமையல்கட்டில் ஒரு சுற்று. பிறகு பின்கதவு வழியாகத் தோட்டத்துக்கு. நான் வேலிக்கு வெளியே நின்றேன். உள்ளே போக எனக்கு முகமில்லை.

“என்னை மன்னிச்சுரு கண்ணு,” என்றேன்.

“சாரமில்லக்கா.” அவள் பொம்மை ஒரு வரிசையின் ஓரமாக நடந்தது. “எல்லாம் அழகாத்தான் இருக்கு. அம்மா இப்படி வரிசையா நட மாட்டாங்க. அதையும் இதையும் கலந்துதான் நடுவாங்க.”

“எப்படி நட்டிருந்தாங்கன்னு சொல்லு. எது எங்க இருந்துதுன்னு ஒவ்வொண்ணாச் சொல்லு. இப்பவே பூராத்தையும் புடுங்கிட்டு அதே மாதிரி நட்டுத் தாரேன்.”

அவள் பொம்மை ஒரு செண்டுக்குப் பக்கத்தில் போய் நின்றது. பிறகு இன்னொன்றுக்குப் பக்கத்தில். அதற்கப்புறம் நகரவில்லை.

“எனக்கும் ஞாபகம் இல்லக்கா,” என்றாள். “அது அங்கனதான இருக்கப் போகுதுன்னு, ஒரு நாளும் நின்னு பாக்கல.”